நிழல் விழும் பக்கம்

சேசு மரி சூசை

நெமிலி,
8-2-1953

அன்புள்ள மாமாவுக்கு,

சவுரியம்மாள் எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவால் இங்கே நான் சுகம். உங்கள் சுகத்தை உங்கள் கடிதத்தில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பன்னீர் ரோஜா சுகமாக இருக்கிறது, மாதுளை பூ விட்டிருக்கிறது, முள்ளுக் கத்திரிக்குச் சொத்தை விழுந்து பிழைத்துக்கொண்டது. இவ்வளவும் தெரிந்தது. தோட்டக்காரருக்கு இருமல் நின்றதா என்று யாரிடம் கேட்பது?

பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொடுத்திருக்கும் வீட்டுக்குப் பின்னால் பெரிய கொல்லை சும்மா கிடக்கிறது என்று பலமுறை எழுதிவிட்டேன். கிணற்றுத் தண்ணீர் தித்திப்பு. முதலில் எல்லாம் ஆசிரியைகள் யாராவது எட்டிப் பார்த்துவிட்டு, ஏதாவது நடக்கூடாதா என்று கேட்பார்கள். என் வீட்டுக்காரர் வந்து நடுவார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

நான் உங்களை விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று ஆம்பூரில் பேச்சாம். தலைமையாசிரியை வேலை வந்தபோது, நீ முன்னால் போ, செடிகளுக்கு ஒரு ஏற்பாடு செய்துவிட்டு வருகிறேன் என்று சொன்னது நீங்கள். நான்கு வருஷமாக அந்த ஏற்பாடு நடந்துகொண்டே இருக்கிறது.

இன்னொன்று. நீங்கள் யுத்தத்தில் ஆகாய விமானத்தில் இருந்து போட்டோ பிடித்தவர் என்று ஆறாம் வகுப்புப் பெண்கள் எப்படியோ தெரிந்துகொண்டார்கள். கதை சொல்லுங்கள் டீச்சர் என்று பிடுங்குகிறார்கள். எனக்கே ஒன்றும் தெரியாதே, எதைச் சொல்ல? சிறுபிள்ளைகளுக்குச் சொல்லும்படியாக ஒன்று எழுதி அனுப்புங்கள்.

தங்கள்,
சவுரியம்மாள்


ஆம்பூர்,
1-3-1953

அன்புள்ள சவுரிக்கு,

இருமல் நின்றுவிட்டது.

பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை ஜாஸ்தியாகிவிட்டது. நம் மதிலை ஒட்டி முதலாளி சர்தார் பாஷா புதிதாகச் சுண்ணாம்புக் குழிகள் கட்டியிருக்கிறார். கூடவே உயரமாக ஒரு தண்ணீர்த் தொட்டியும் எழுப்பியிருக்கிறார். காலையில் அதன் மேல் ஏறி நம் தோட்டத்தைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கீழே நின்றால் ஒவ்வொரு செடியாகத்தான் தெரியும். மேலே இருந்து பார்த்தால் எந்தப் பாத்தி எப்படி இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். சர்தார் பாஷா கீழே நின்று, "இன்னா தேவசகாயம், இன்னும் ஜப்பான்காரனைத் தேடிக்கினு கீறியா?" என்று கேட்கிறார். தினமும் அதையே கேட்டுத் தினமும் சிரிக்கிறார்.

போன வாரம் அப்படிப் பார்க்கும்போது கிணற்றை ஒட்டிய சாத்துக்குடி வரிசை மட்டும் நிறம் மங்கலாகத் தெரிந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். இலைகளின் ஓரம் லேசாகக் கருகியிருக்கிறது. வெயிலாக இருக்கலாம்.

பெண்களுக்குக் கதை கேட்டாய். நேர் கீழே பார்த்து எடுத்த படத்தில் மேடும் பள்ளமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நிழலை வைத்துத்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். படத்தை நிழல் நம் பக்கம் விழும்படி பிடித்தால் மேடு மேடாகத் தெரியும், பள்ளம் பள்ளமாகத் தெரியும். தலைகீழாகப் பிடித்தால் கண் ஏமாந்துபோகும். பள்ளமெல்லாம் எழும்பி மேடாக நிற்கும். புதிதாக வந்த ஒரு அதிகாரி அப்படித்தான் ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டு, எதிரி வரிசையாக மண்மேடுகள் எழுப்பி உள்ளே வெடிமருந்து வைத்திருக்கிறான் என்று தலைமையிடத்துக்கு எழுதிவிட்டான். மேஜர் வந்தார். மேஜை மேல் இருந்த படத்தை அப்படியே திருப்பி வைத்துவிட்டுப் போனார். அவை யாரோ வெட்டி வைத்த மீன் குளங்கள், கோடையில் வற்றிப்போனவை.

இது போதும் என்று நினைக்கிறேன். அங்கே துளசி கிடைக்கவில்லை என்றால் எழுது, நாற்று அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தேவசகாயம்


சேசு மரி சூசை

நெமிலி,
12-4-1953

அன்புள்ள மாமாவுக்கு,

கதையைச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. அந்த அதிகாரிக்குப் பிரம்படி கிடைத்ததா என்று ஒருத்தி கேட்டாள். படத்துக்கு மேல் கீழ் தெரியாத மனுஷனை யார் அதிகாரி ஆக்கினார்கள் என்று இன்னொருத்தி கேட்டாள். மேல் கீழ் பார்த்து எதையும் பிடிக்க வேண்டும் என்று அதையே பாடமாக நடத்திவிட்டேன்.

பாஸ்கு திருநாளுக்கு வருவீர்கள் என்று எதிர்பார்த்தேன். ஆம்பூரில் இருந்து நெமிலி என்ன சீமையா? சமைத்ததைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு தனியாகப் பூசைக்குப் போய்த் தனியாக வந்தேன். கோவிலில் ஒரு அம்மாள், உன் புருஷன் பட்டாளத்தில் இருந்து இன்னும் வரவில்லையா என்று கேட்டாள். இன்னும் வரவில்லை என்றுதான் சொன்னேன். அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை.

போட்டோக்காரரைக் கட்டிக்கொண்டும் எனக்கென்று ஒரு போட்டோ கிடையாது. நம் கல்யாணத்துக்குக்கூட நீங்கள் யாரையும் எடுக்க விடவில்லை. அந்தக் கேமரா பெட்டியில் துணிக்கு அடியில் கிடந்ததை ஒரு தடவை நான் எடுத்துப் பார்த்ததற்கு அன்று முழுவதும் நீங்கள் என்னோடு பேசவில்லை. ஏன் என்று இதுவரை கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன். உங்களைத்தான் அனுப்பிவைக்க முடியவில்லை, அந்தச் சக்களத்தியின் படத்தையாவது எடுத்து அனுப்புங்கள். தோட்டத்தைத்தான் சொல்கிறேன். அவள் எப்படி இருக்கிறாள் என்று நானும் பார்க்க வேண்டாமா?

தங்கள்,
சவுரியம்மாள்


ஆம்பூர்,
17-8-1953

அன்புள்ள சவுரிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பலமுறை எழுத உட்கார்ந்தேன்.

பர்மாவில் ஒரு கிராமம். பெயர் எங்களுக்குச் சொல்லப்படவில்லை, எண்தான். இரண்டு பேர் உட்காரும் விமானத்தில் பின்னால் உட்கார்ந்து முதல் முறை எடுத்தபோது அங்கே சந்தை நாள் போலிருக்கிறது, வண்டிகள் நின்றன. கழுவிய படத்தை மறுபடி பார்த்தபோது ஒரு வீட்டின் பின்னால் கொல்லை தெரிந்தது. நேர் நேராகப் பாத்தி பிடித்து ஏதோ நட்டிருந்தார்கள். நல்ல கைக்காரர் யாரோ, பாத்தி ஒன்றுகூடக் கோணவில்லை. என்ன செடி என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், தெரியவில்லை. அந்த உயரத்தில் இருந்து செடியின் பெயர் தெரியாது.

நான் எடுத்த படத்தை வைத்துக்கொண்டுதான் அங்கே குண்டு போட்டார்கள். போட்டது சரியாக விழுந்ததா என்று பார்க்க, மறுபடியும் என்னைத்தான் அனுப்பினார்கள். இரண்டாவது படத்தில் வீடும் இல்லை, கொல்லையும் இல்லை. நல்ல படம், தெளிவாக வந்திருக்கிறது என்று பாராட்டினார்கள்.

அவ்வளவுதான் விஷயம். ஊர் திரும்பியதும் மண்ணில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்று தோன்றியது. எதை நட்டாலும் பெயர் தெரிந்து நட வேண்டும் என்று தோன்றியது. கேமராவைத் தொடத் தோன்றவில்லை. உன் மேல் கோபம் ஒன்றும் அன்றைக்கும் இல்லை.

சாத்துக்குடி விஷயம் வெயில் இல்லை. ரோஜாவுக்கும் வந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தேன், உப்புக் கரிக்கிறது. தோல் பதப்படுத்தும் உப்பும் சுண்ணாம்பும் மண்ணுக்குள் இறங்கி நம் கிணற்றுக்கு வந்துவிட்டன. சர்தார் பாஷாவைக் கூட்டி வந்து காட்டினேன். மனுஷன் கண் கலங்கிவிட்டார். அவர் பெண்சாதி வஜீதா இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு அனுப்பினாள், துக்க வீட்டுக்கு அனுப்புவது போல.

இனி இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பாலாற்று வண்டலைக் கொண்டுவந்து கொட்டி எல்லாப் பாத்திகளையும் மேடாக உயர்த்திவிடுவது. வேருக்கு உப்பு எட்டாது. வண்டலும் வண்டியும் தன் பொறுப்பு, ஆற்றோரத்தில் இருந்து நல்ல தண்ணீரும் வண்டியில் அனுப்புகிறேன் என்கிறார் சர்தார் பாஷா. "மண்ணு கொட்டிக்கோ, தண்ணி நான் குடுக்கறேன், ஊரை வுட்டு மட்டும் போவாத" என்கிறார். அப்படிச் செய்தால் தோட்டம் இன்னும் பல வருஷம் இருக்கும். இன்னொரு வழி, மழை பிடித்ததும் வேர்மண்ணோடு தோண்டி எடுத்து வேறு இடம் கொண்டுபோய்விடுவது. அதில் சில செடிகள் செத்துப்போகும்.

யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தேவசகாயம்


சேசு மரி சூசை

நெமிலி,
6-9-1953

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் படித்துவிட்டு, தலைவலி என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன். கல்யாணம் ஆனதில் இருந்து நான் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்ததை ஒரு இன்லாண்டு கடிதத்தில் மடித்து அனுப்பிவிட்டீர்கள். பக்கத்தில் படுத்திருந்தபோது சொல்லியிருந்தால் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். இங்கே இருந்துகொண்டு காகிதத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்க முடிந்தது. எனக்கு அழுகை வந்தது. அந்தக் கொல்லைக்காரருக்காகவும் அழுதேன், உங்களுக்காகவும் அழுதேன். கொஞ்சம் எனக்காகவும்தான்.

இப்போது நான் சொல்வதைக் கோபப்படாமல் படியுங்கள். உங்களை வா வா என்று இத்தனை நாள் எழுதினேன். இப்போது முதல் தடவையாகப் பயமாக இருக்கிறது, வந்துவிடுவீர்களோ என்று. கிணறு கெட்டுப்போனதால் வராதீர்கள். போக்கிடம் இல்லாமல் ஒருவர் வாசலில் வந்து நின்றால் சோறு போட எனக்குத் தெரியும். ஆனால் அவரோடு குடித்தனம் நடத்த எனக்கு மனசு வராது. நான் இருக்கிற இடத்துக்கு நீங்கள் வர வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன், தித்திப்புக் கிணற்றுக்கு வர வேண்டும் என்று இல்லை.

நல்லவேளையாக உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. பாத்தியை மேடாக்கினால் அங்கேயே இருக்கலாம் என்கிறீர்கள். அதுதான் உங்கள் விருப்பம் என்றால் அப்படியே செய்யுங்கள், நான் தெரிந்துகொள்வேன். அதையும் விட்டுவிட்டு வர மனசிருந்தால் வாருங்கள். எதுவானாலும் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இதை நான் ஏன் அவசரப்படுத்துகிறேன் என்றால், நீலகிரிப் பக்கத்தில் இருக்கும் போர்டிங் பள்ளிக்குப் பொறுப்பாகப் போக முடியுமா என்று எங்கள் பள்ளியை நடத்தும் மடத்து மதர் கேட்டிருக்கிறார்கள். போனால் அங்கேயே பிள்ளைகளோடு தங்க வேண்டும். குடும்பக்காரர்களுக்கு இடமில்லை. நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளுக்குள் பதில் சொல்கிறேன் என்று தவணை வாங்கியிருக்கிறேன். அதுவரைக்கும் உங்கள் பதிலுக்குக் காத்திருப்பேன்.

தங்கள்,
சவுரியம்மாள்


ஆம்பூர்,
24-10-1953

அன்புள்ள சவுரிக்கு,

உன் கடிதம் வந்த பிறகு நிறைய யோசித்தேன். முடிவு செய்த பிறகு வேலை ஓயவில்லை. மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. சர்தார் பாஷா வண்டி வண்டியாக வண்டல் அனுப்பிக் கொடுத்தார். முதுகு வலிக்கிறது.

நாலு நாள் முன்னால் கேமராவைப் பெட்டியில் இருந்து எடுத்தேன். லென்ஸில் பூசணம் பிடித்திருந்தது, துடைத்ததில் போய்விட்டது. காலையில் வெயில் சாய்வாக விழும்போது தண்ணீர்த் தொட்டியின் மேல் படுத்துக்கொண்டு நேர் கீழே பார்த்து ஒரே ஒரு படம் எடுத்தேன். வேலூருக்குப் போய்க் கழுவி வாங்கி வந்தேன்.

நீ கேட்ட படம் இத்துடன் இருக்கிறது. நீ கேட்ட பதிலும் அதிலேயே இருக்கிறது. நான் எழுதுவதைவிட அதில் தெளிவாகத் தெரியும்.

இப்படிக்கு,
தேவசகாயம்


சேசு மரி சூசை

நெமிலி,
29-10-1953

அன்புள்ள மாமாவுக்கு,

படம் வந்தது. விளக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மறுநாள் பகல் வெளிச்சத்திலும் பார்த்தேன்.

நல்ல படம். வரிசை வரிசையாக எவ்வளவு உயரமான மேடுகள். ஒன்றுகூடக் கோணவில்லை. பழைய செடி ஒன்றையும் காணோம், எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கப் போகிறீர்கள் போலிருக்கிறது. கெட்டுப்போன கிணற்றின் மேலும் வட்டமாக மேடை மாதிரி ஏதோ கட்டி மூடியிருக்கிறீர்கள். அவ்வளவு தூரம் யோசித்துச் செய்திருக்கிறீர்கள். வஜீதாவும் தன் பெண்ணை எழுதச் சொல்லி ஒரு கார்டு போட்டிருந்தாள். ஓயாமல் வண்டல் வண்டி போகிறது, உன் வீட்டுக்காரர் சாப்பிடக்கூட உட்காராமல் வேலை செய்கிறார், தோட்டம் பிழைத்துவிடும், நீ கவலைப்படாதே என்று. பாவம், எனக்குச் சந்தோஷமான சேதி சொல்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நேற்று மதருக்குச் சம்மதம் எழுதிவிட்டேன். நவம்பர் கடைசியில் போக வேண்டும். எனக்குக் கோபம் இல்லை. வருத்தம் இருக்கிறது, அதை இல்லை என்று எழுத மாட்டேன். எனக்காகக் கேமராவைத் தொட்டீர்கள், அது சாதாரண விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு வரி எழுதியிருக்கலாம். நான் இங்கேயே இருந்துகொள்கிறேன் சவுரி என்று உங்கள் கையெழுத்தில் இருந்திருந்தால், அது எனக்குச் சொன்னதாக இருந்திருக்கும். இதுவும் மேலே இருந்து பார்த்துச் சொன்னதாகத்தான் இருக்கிறது.

ஆம்பூரில் உங்கள் அம்மாவின் கல்லறைக்கு என் பெயராலும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிடுங்கள். படத்தை நான் வைத்துக்கொள்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

சவுரியம்மாள்


ஆம்பூர்,
2-11-1953

சவுரி,

மெழுகுவர்த்தி ஏற்றினேன். இரண்டு. பதில் எழுத வேண்டாம் என்றாய், எழுதுகிறேன்.

படத்தை எடு. நீ பிடித்துப் பார்த்த விதத்தில் கிணறு எந்தப் பக்கம் இருந்தது? இப்போது அதற்கு எதிர்ப்பக்கம் வரும்படி தலைகீழாகத் திருப்பு. நிழல் உன் பக்கம் விழட்டும். அவசரப்படாமல் கொஞ்ச நேரம் பார்.

அவை மேடுகள் இல்லை, குழிகள். கிணற்றை நான் மூடவில்லை, அது கிணறுதான்.

நடுவதற்கு வெட்டிய குழிகளும் இல்லை. செடிகளை எடுத்த குழிகள். சாத்துக்குடி, மாதுளை, ரோஜா எல்லாவற்றையும் வேர்மண்ணோடு பெயர்த்துவிட்டேன். வேரைச் சுற்றி அப்புவதற்குத்தான் அந்த வண்டல். கோணியில் கட்டிக் கொட்டகை நிழலில் அடுக்கி வைத்திருக்கிறேன், கொட்டகை படத்தில் விழவில்லை. சர்தார் பாஷா நேற்று வந்து பார்த்துவிட்டு, "தோட்டத்துல கொட்டச் சொல்லி மண்ணு குடுத்தா, அத்தையே மூட்டை கட்டிக்கினு போறியே" என்றார். சொல்லிவிட்டு அவரே மூட்டைகளுக்குத் தண்ணீர் தெளித்தார். வருகிற சனிக்கிழமை மெட்ராஸுக்குத் தோல் ஏற்றிப்போகும் லாரியை நெமிலி வழியாகப் போகச் சொல்லியிருக்கிறார். நாற்றமாகத்தான் இருக்கும்.

நீ படத்தைத் தலைகீழாகப் பிடிப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் படங்களைப் பார்த்தே பழகிய கூட்டத்தில் இருந்துவிட்டேன். அங்கே எல்லோருக்கும் குழி என்றால் குழிதான். எனக்கும் குழி. அதனால் உனக்கும் குழியாகத்தான் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

நீ மலைக்குப் போவது தீர்மானம் என்றால் தடுக்கமாட்டேன். அப்போதும் சனிக்கிழமை வருவேன். நவம்பர் கடைசி வரைக்கும் நாள் இருக்கிறது. அதற்குப் பிறகு மலை அடிவாரத்தில் ஒரு துண்டு மண் பார்த்துக்கொள்வேன்.

கிணறு கெட்டதால் வரவில்லை. இங்கே இருக்க எல்லா வசதியும் இருக்கிறது, உனக்கே தெரியும். உன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் வருகிறேன். இதை எந்த உயரத்தில் இருந்தும் படம் எடுக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

தேவசகாயம்


(அஞ்சல் அட்டை)

நெமிலி,
4-11-1953

மாமா,

திருப்பிப் பார்த்தேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கிணறு கிணறானது, அதோடு மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக இறங்கிவிட்டது. ஆறாம் வகுப்புப் பெண்களிடம் இதைச் சொல்லப் போவதில்லை.

வேறு யாரையாவது பாருங்கள் என்று மதருக்கு எழுதிவிட்டேன். திட்டு வரும், வாங்கிக்கொள்கிறேன்.

கொல்லையில் குழி வெட்ட ஆள் வந்து நிற்கிறான். எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்று கேட்கிறான். நீங்கள் வழக்கம்போல அதை எழுதவில்லை. தந்தி கொடுங்கள். சாத்துக்குடி கிணற்றுப் பக்கமா, வேலிப் பக்கமா என்பதும் தெரிய வேண்டும். லாரிக்காரருக்கும் சேர்த்துச் சமைத்து வைக்கிறேன்.

சவுரி